கதவுக்கு வெளியே நின்று பாடு

மாலியா போய்விட்டாள். நேற்று அடக்கம். நேற்றே எழுதியிருப்பேன்... முட்டி வலி.

முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். "எனக்கு ஹூலா தெரியும், ஹவாய் டான்ஸ்" என்று உங்கள் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றிலும் பீற்றிக்கொள்வேன் இல்லையா? தெரிந்தது ஒரே ஒரு பாட்டு. அதுவும் உட்கார்ந்துகொண்டு ஆடுவது.

அதைச் சொல்லிக்கொடுத்தவள் மாலியா. ஹவாய்க்காரி. கியூபெக் ஆள் ஒருவரைக் கட்டிக்கொண்டு மொன்ட்ரியாலுக்கு வந்தவள்.

எழுபதுகளில் டோர்வல் ஏர்போர்ட்டில், பிளேனுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் கிச்சனில், இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்போம். அவள் பன் வைப்பாள், நான் வெண்ணெய் வைப்பேன்.

எனக்குப் படிப்பு அஞ்சாம் வகுப்போடு சரி. அவளுக்குத் தெரிந்த தமிழ், நான் கற்றுக்கொடுத்த "அடியே" மட்டும். மற்றபடி அவள் பேசியது இங்கிலீஷ்... என் காதில் விழுந்தது தமிழ்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அஹுன்ட்சிக்கில் ஒரு சர்ச் பேஸ்மென்டில் கிச்சன் பெண்களுக்கு ஹூலா சொல்லிக்கொடுத்தாள்.

"இடுப்பை ஆட்டுறதுக்கு சர்ச்சுக்குப் போறியா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"உங்களை ஆட்டி வெச்சு பிராக்டிஸ் ஆயிடுச்சுங்க. இனிமே இடுப்பு என்ன பெரிய விஷயம்?" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

முதல் நாளே வாசலில் நிறுத்திவிட்டாள். உள்ளே வரலாமா என்று அவர்கள் பாஷையில் பாடிக் கேட்கவேண்டுமாம். உள்ளேயிருந்து பதில் பாட்டு வந்தால்தான் காலை வைக்கலாம்.

பாட்டை முன்னாடியே கிச்சனில் சொல்லிக்கொடுத்திருந்தாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மூக்கால் இழுத்து, கேலியாகப் பாடினேன்.

பதில் வரவில்லை.

ஜனவரிக் குளிர். மூக்கு இருக்கிறதா இல்லையா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன். "அடியே மாலி, செத்துடுவேன்டி, கதவைத் திற!"

உள்ளேயிருந்து அவள் குரல். "அடியே, உன் சாமி ரூமுக்குள்ள ஸ்னோ பூட்ஸோட போவியா?"

வாயை மூடினேன். பிறகு ஒழுங்காகப் பாடினேன். பதில் வந்தது பாருங்கள்... கதவு திறந்தபோது எனக்குக் குளிரே இல்லை.

அவளிடம் ரூல்ஸ் அதிகம். பாட்டின் அர்த்தம் தெரியாமல் கையைத் தூக்கக் கூடாது. கண் எப்போதும் கையோடு போகவேண்டும், பார்க்க வந்தவர்களிடம் போகக் கூடாது.

என்னை ஒரு நாள் நிற்க வைத்துப் பார்த்தாள். "உன் கை உண்மை பேசுது. இடுப்பு பொய் பேசுது. நீ உட்காரு." ஹூலாவில் மண்டிபோட்டு உட்கார்ந்து ஆடுவதும் உண்டு. அன்றைக்கு உட்கார்ந்தவள்தான்.

ஒரு வருஷம் அவள் அம்மா ஹவாயில் இறந்துபோனார். மாலியா கையில் பச்சைக் குழந்தை. போக முடியவில்லை. தலைக்கு மேலே பிளேன் போகும், இவள் நிமிர்ந்து பார்க்காமல் பன் அடுக்குவாள்.

அம்மாவின் ஊர் மழையைப் பற்றி ஒரு பாட்டு. அதைக் கிச்சன் கிறிஸ்மஸ் பார்ட்டியில் எங்களோடு சேர்ந்து ஆடப்போவதாகச் சொன்னாள். அதுதான் அம்மாவுக்கு அவள் செய்யும் காரியம்.

பார்ட்டி அன்று சூப்பர்வைசர் ஒரு பெட்டி கொண்டுவந்தார். பிளாஸ்டிக் புல் பாவாடை, மார்புக்குக் கொட்டாங்கச்சி. எனக்கு அந்தப் பச்சைப் பாவாடை பிடித்துத்தான் இருந்தது, மினுமினு என்று... மாலியாவின் முகத்தைப் பார்க்கும்வரை.

அவள் பாவாடையை மடித்து மேஜையில் வைத்தாள். "இதைக் கட்டிக்கிட்டு இந்தப் பாட்டை ஆட மாட்டேன்."

"அப்படின்னா டான்ஸே வேண்டாம்" என்றார் அவர்.

மாலியா தன் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். நான் அவரிடம் போனேன். என் இங்கிலீஷும் பிரெஞ்சும் உங்களுக்குத் தெரியுமே, இரண்டையும் கலந்து அடித்தேன். "முஸ்யூ, உங்க அம்மா சாவுக்குப் பூசை வைக்கிற பாதிரியாருக்கு சர்க்கஸ் கோமாளி மூக்கு மாட்டி விடுவீங்களா?"

அவர் சிவந்துபோனார். "அவங்க அம்மாவா..." என்றார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். அந்தப் பாவாடையைக் கிறிஸ்மஸ் மரத்துக்குக் கட்டிவிட்டார். மரத்துக்கு எடுப்பாகவே இருந்தது.

நாங்கள் தைத்துவைத்திருந்த சாதாப் பருத்திப் பாவாடையில் ஆடினோம். கழுத்தில் சர்ச் வேலியில் பறித்த செடார் இலை மாலை. ஒருத்தர்கூட விசில் அடிக்கவில்லை. முடிந்ததும் மாலைகளை வெளியே ஒரு மரக்கிளையில் மாட்டினாள். குப்பையில் போடக் கூடாதாம். அப்போதுதான் அழுதாள்.

அன்றைய கைக்குழந்தைதான் எனக்கு போன் பண்ணிச் செய்தி சொன்னது.

நேற்று மொன்ட்ரியால்-நோரில் இருக்கும் ஃப்யூனரல் ஹோமுக்கு லேட்டாகப் போய்ச் சேர்ந்தேன். கதவு சாத்தியிருந்தது. வெளியே நின்று பாடினேன்... கேலி இல்லாமல்.

பதில் இல்லை. பதில் பாடவேண்டியவளே படுத்திருக்கிறாள், தெரியும். ஆனாலும் நின்றேன். அவள் கதவில் கேட்காமல் காலை வைத்துப் பழக்கமில்லை.

இன்னொரு தடவை பாடினேன். உள்ளேயிருந்து ஒரு ஆண்குரல், "ஆன்ட்ரே மதாம், ஆன்ட்ரே." வரச் சொல்லிவிட்டார்கள். போனேன்.

பெட்டிக்கு முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்து, அவள் அம்மா ஊர் மழையை முழுசாக ஆடினேன். கண் கையை விட்டு வேறெங்கும் போகவில்லை. ஒரு தப்புகூட இல்லை. போய் வாடி மாலி என்று சொல்லிக் கையை இறக்கினேன்.

நிமிர்ந்து பார்த்தால் பெட்டிமேல் போட்டோவில் பெரிய மீசையோடு ஒரு கிழவர். மாலியா அடுத்த ஹாலில் இருந்தாள்.

அந்த வீட்டார் எனக்குக் காப்பி கொடுத்தார்கள். குடித்தேன். பிறகு அடுத்த கதவுக்கு வெளியே போய் நின்று, முதலிலிருந்து பாடினேன்.