தம்பியின் தோளில் கிடந்த கை

என் அப்பாவின் தம்பி ராணுவத்திலிருந்து திரும்பியபோது எங்கள் தேவாலயத்தில் மாலை போட்டு வரவேற்றார்கள். பிறகு கேரள போலீசில் சேர்ந்து சப் இன்ஸ்பெக்டர் ஆனார். ஒரு வழித்தகராறில் என் தம்பியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். நானும் அம்மாவும் ஸ்டேஷனுக்கு ஓடினோம். எங்கள் கண்முன்னால் சித்தப்பாவே அவனை ஓங்கி அறைந்தார். "சித்தப்பா, விட்டிருங்க" என்று அழுதேன். "இவிடெ சித்தப்பனொண்ணும் இல்லா" என்று மலையாளத்தில் கத்தினார். அன்றிலிருந்து தம்பிக்கு இடது காது கேட்பதில்லை.

ஓய்வு பெற்றதும் அவர் பஞ்சாயத்துத் தேர்தலில் நின்றார். வெள்ளை வேட்டியும் கும்பிட்ட கையுமாகக் கட்சிக்காரர்களோடு எங்கள் முற்றத்துக்கு வந்தார். தம்பியின் தோளில் கைபோட்டு, "மக்கா, நீ என் ரத்தமாக்கும்" என்றார். தம்பி சிரித்தான். யாரோ போனில் படம் எடுத்தார்கள். அம்மா நாற்காலியைத் துடைத்து அவருக்குப் போட்டாள்.

"மோளே, உன் வோட்டு எனக்கு உண்டுல்லா?"

"இல்ல" என்றேன்.

"இவ தமாசு சொல்லுதா" என்று கூட வந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார்.

அவர் ஜெயித்தார். அந்தப் படம் செங்கல் ஊருக்குப் போகும் வழியில் பெரிய ஃபிளெக்ஸாக நின்றது. நான் பஸ்ஸுக்குப் போகும்போதெல்லாம் தம்பி அவர் கைக்குள் சிரித்துக்கொண்டிருந்தான். ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு பட்டப்பகலில் கறிக்கத்தியோடு போய், தம்பியை மட்டும் அறுத்தெடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

தம்பி அதைத் தரையில் விரித்துப் பார்த்தான்.

"எதுக்குக்கா கிழிச்ச? நல்ல படமாக்கும் இது."