ஜீப்புக்குள் ஓடிய ரம்பம்

இன்று காலை வட்டவடையிலிருந்து மூணாறுக்கு ஜீப்பில் வந்தேன். எதிர் சீட்டில் பக்கத்துத் தோட்டத்து முருகேசன் அண்ணன். கிளை வெட்டும் பேட்டரி ரம்பத்தைச் சர்வீஸுக்குக் கொடுப்பதற்காகச் சாக்கில் போட்டு, எங்கள் கால்களுக்கு நடுவே வைத்திருந்தார்.

ஒரு வளைவில், சீட்டோரம் ஏற்றியிருந்த பூண்டு மூட்டை சரிந்து அந்தச் சாக்கின் மேல் விழுந்தது.

கனத்தில் சுவிட்ச் அமுங்கி, ரம்பம் ஓட ஆரம்பித்துவிட்டது.

சாக்கைக் கிழித்துக்கொண்டு ரம்பத்தின் பல் வைத்த சங்கிலி வெளியே வந்தது. என் பக்கத்திலிருந்த மேரி அக்கா, "யய்யோ, வண்டிய நிப்பாட்டுங்க!" என்று அலறிக் காலைத் தூக்கிக்கொண்டார். அண்ணன் பதறிப்போய்ச் சாக்குக்குள் கையை விடப்போனார்.

"கைய விடாதீங்கண்ணே! மூட்டையத் தூக்குங்க!" என்று கத்தினேன்.

இருவரும் மூட்டையைத் தூக்கினோம். சத்தம் நின்றது. ஜீப்பும் நின்றது. மேரி அக்காவின் செருப்பு ஓரம் அறுந்திருந்தது. கால் தப்பியது.

அண்ணன் பேட்டரியைக் கழற்றினார்.

"தானா ஓடாம இருக்க லாக் பட்டன் இருக்குமேண்ணே?" என்று கேட்டேன்.

"அத அமுக்கி அமுக்கி விரல் வலிக்குதுன்னு டேப் போட்டு ஒட்டிட்டேம்மா."

மேரி அக்கா பேட்டரியை வாங்கித் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தார். "மூணாறு வந்ததும் தாரேன்."

உங்கள் வீட்டிலும் டேப் ஒட்டிய மெஷின் இருந்தால் சொல்லுங்கள். அக்கா பையில் இன்னும் இடம் இருக்கிறது.