மூட்டைக்கு வைத்த ஸ்பிரிங்

சொந்த பைக்கில் பின் சீட்டில் உட்கார்ந்து போயிருக்கிறீர்களா?

நான் போனதில்லை — மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு சனிக்கிழமை வரை.

மச்சான் ஆரோக்கியம் வந்திருந்தான். என் மனைவியின் தம்பி. மரக்காணத்தில் உப்பளம் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறான். மழைக்காலம் முடிந்து புது சீசனுக்கு உப்புப் பாத்திகளின் தரையை மிதித்துக் கெட்டிப்படுத்தும் வேலை ஆரம்பித்திருந்தது. "வாங்க மாமா, எழுத ஏதாச்சும் விஷயம் கிடைக்கும்" என்று கூப்பிட்டான். அவன் ஒரு மாதிரி ஆள். வேறு யார் ஓட்டினாலும் பின்னால் உட்காரமாட்டான். கௌரவக் குறைச்சலாம்! என் கையிலிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டான்.

முதல் ஸ்பீடு பிரேக்கரில் நான் ஒரு ஜாண் மேலே போய்வந்தேன்.

"டேய்... மெதுவா போடா."

"மெதுவாத்தான் மாமா போறேன். இருபதுல போறேன்."

எட்டிப் பார்த்தேன். இருபதில்தான் போனான். அடுத்து ஒரு சின்னப் பள்ளம். சின்னதுதான், தினமும் நான் கவனிக்காமல் கடந்து போகிற பள்ளம். யாரோ கீழேயிருந்து கட்டையால் குத்தியது போல் இடுப்பில் இறங்கியது. மூன்றாவது முறை தூக்கிப் போட்டபோது எனக்கு வலி தெரியவில்லை. ஜெயசீலி ஞாபகம்தான் வந்தது.

ஜெயசீலி என் மனைவி. கீழ்புத்துப்பட்டு பக்கம் ஒரு பள்ளியில் டீச்சர். தினமும் காலையும் மாலையும் ஈசிஆரில் என் பின்னால்தான் பயணம். போன வருஷம் நடுவிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள் — "என்னங்க, ரொம்பத் தூக்கித் தூக்கிப் போடுதுங்க."

நான் என்ன செய்தேன்? முதலில் ரோட்டைத் திட்டினேன். பிறகு, நீ கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும் என்று வகுப்பு எடுத்தேன். டீச்சருக்கே! அப்புறமும் சொன்னாள் என்பதற்காக சீட்டுக்கு ஒரு பஞ்சு கவர் வாங்கிப் போட்டேன். கணவன் என்ற முறையில் கடமை முடிந்தது என்று திருப்தியாகவும் இருந்தேன்.

கிறிஸ்துமஸ் சமயத்தில் அவளால் குனிந்து குடிலில் குழந்தை இயேசு சொரூபம் வைக்க முடியவில்லை. அப்போதுதான் பயந்தேன். அவளுக்கு என்னைவிடப் பயம். அவளுடைய அம்மாவுக்கு டிஸ்க் விலகி, ஆபரேஷன் செய்து, அதற்குப் பிறகு பழையபடி வேலைக்குப் போகவே முடியவில்லை. பாண்டிச்சேரியில் டாக்டரிடம் போனோம். வண்டி தூக்கித் தூக்கிப் போடுவதை ஜெயசீலி அவரிடம் சொன்னாள். அவர் அழுத்திப் பார்த்தார், நடக்கச் சொன்னார், காலைத் தூக்கச் சொன்னார்.

"ரெண்டு வாரம் பைக்ல ஏறாதீங்கம்மா. பஸ்ல போங்க. அதுக்கப்புறமும் வலி இருந்தா ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாம்."

ஸ்கேன் என்ற வார்த்தையோடு வீட்டுக்கு வந்தோம். அன்று மாலை அவள் ஒரு தாளில் என்னவோ எழுதிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூட வேலை என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால் ராஜினாமா கடிதம். தேதி மட்டும் போடவில்லை. "நாள் பூரா நின்னு பாடம் நடத்த முடியலைன்னா என்னங்க செய்றது?" என்றாள்.

இது நடந்து நாலாவது நாள்தான் அந்தச் சனிக்கிழமை.

உப்பளத்து வரப்பில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். "ஆரோக்கியம், பின்னாடி என்னமோ கோளாறுப்பா. பாறை மேல உக்காந்த மாதிரி இருக்குது" என்றேன். அவன் குனிந்து பின்சக்கரத்தின் இரண்டு பக்க ஷாக் அப்சார்பரையும் பார்த்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். மறுபடி குனிந்தான்.

"மாமா... இது இன்னும் மூட்டை செட்டிங்லயே இருக்குது!"

எனக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை. பிறகு புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம்.

இந்தப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வரப்பு மேல் பைக்கில் உப்பு மூட்டை ஏற்றி ரோட்டுக்குக் கொண்டுவருவார்கள். அதற்காகப் பின் ஸ்பிரிங்கை முழுக்க இறுக்கி வைத்துவிடுவார்கள். ஸ்பிரிங்குக்கு அடியில் படிப்படியாக வெட்டிய ஒரு வளையம் இருக்கும். கொக்கி மாதிரி வளைந்த ஸ்பானரால் திருப்பினால் ஒவ்வொரு படியாக இறுகும். ஐப்பசி மழை வந்து வேலை நிற்கிற அன்றைக்கே மறக்காமல் தளர்த்தியும் விடுவார்கள். உப்பளத்தில் வேலை பார்க்கிற யாருக்கும் இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டாம்.

நான் உப்பளத்தில் வேலை பார்ப்பவன் இல்லை. அதுதான் வினை.

போன மே மாதம் ஒரு மதியம் கோடை மழை திரண்டு வந்தது. ஆரோக்கியத்தின் மூட்டைகள் எல்லாம் வெட்டவெளியில். லாரி வரவில்லை. ஊரே ஓடியது, நானும் பைக்கோடு ஓடினேன். அங்கிருந்த ஒருவர் என் வண்டி ஸ்பிரிங்கையும் கடைசிப் படிக்கு இறுக்கி, இரண்டு மூட்டையை வைத்துக் கட்டினார். மழைக்கு முன் மூட்டைகளை ரோட்டோரக் கொட்டகையில் சேர்த்துவிட்டோம். எல்லோரும் என் முதுகில் தட்டினார்கள். நான் பெருமையோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். ஸ்பிரிங்கை யார் தளர்த்துவது?

நடுவில் இரண்டு முறை சர்வீஸுக்கு விட்டேன். ஆயில், செயின், பிரேக் எல்லாம் பார்த்தார்கள். பின்னால் யார் உட்காருகிறார்கள் என்று எந்த மெக்கானிக் கேட்பார்? நானும் சொல்லவில்லை. ஓட்டுகிறவனுக்கு அது தெரியவும் தெரியாது. அவன் இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் சுகமாக இருக்கிறான். பின் சக்கரத்துக்கு நேர் மேலே இருப்பவருக்குத்தான் அத்தனை குத்தும்.

பாத்தி மிதிப்பதைப் பார்க்காமலேயே வீட்டுக்குத் திரும்பினோம். வாசலில் சென்டர் ஸ்டாண்டு போட்டு வேலையை ஆரம்பித்தோம். ஜெயசீலி ஜன்னல் வழியாக, "என்னங்க செய்றீங்க?" என்றாள். "சும்மா... சர்வீஸ்" என்றேன்.

முதலில் நல்ல தண்ணீர் ஊற்றி, சோப்பும் பழைய பிரஷ்ஷும் வைத்து உப்பைத் தேய்த்து எடுத்தோம். எங்கள் ஊர் போர் தண்ணீரில் வண்டி கழுவுவதும் கழுவாமல் விடுவதும் ஒன்றுதான், அதுவே உப்பு. பிறகு துடைத்துவிட்டு ஆயில் கசிகிறதா, ரப்பர் புஷ் வெடித்திருக்கிறதா என்று பார்த்தோம். இல்லை. வலது பக்க வளையம் பத்து நிமிஷத்தில் திரும்பிவிட்டது. இடது பக்கம்? சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நின்று நின்று உப்புத் தண்ணீரெல்லாம் அந்தப் பக்கம்தான் இறங்கியிருக்கிறது. துருப்பிடித்து இறுகிவிட்டது. அசையவே இல்லை.

"சுத்தியை எடுங்க மாமா, ஒரு போடு போட்டுடலாம்."

"வேணாம்பா. உடைஞ்சா முடிஞ்சுது."

"அப்ப விட்டுடலாமா?"

விடவும் முடியாது. இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்க வேண்டும், இல்லையென்றால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். துரு இளக்குகிற ஸ்ப்ரேயை அடித்து, எண்ணெய்த் துணியைச் சுற்றி வைத்துவிட்டு எழுந்தேன். மறுநாள் ஞாயிறு. பூசையில் என் ஜெபம் முழுக்க ஒரு வளையத்தைப் பற்றியதாக இருந்தது. வந்து ஸ்பானரைப் போட்டு அழுத்தினேன். க்ரீச்... திரும்பிவிட்டது! அந்தச் சத்தம் கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இரண்டு பக்கமும் இரண்டாவது படியில் வைத்து, வளையத்தைச் சுற்றி கிரீஸ் தடவினேன்.

டாக்டர் சொன்ன இரண்டு வாரமும் ஜெயசீலி பஸ்ஸில்தான் போனாள். வலி குறைந்தது. ஆனால் நிஜமான பரீட்சை அதற்குப் பிறகல்லவா? மறுபடி வண்டியில் ஏறி, மறுபடி வலி வந்தால் — அது ஸ்பிரிங் இல்லை, டிஸ்க்.

திங்கட்கிழமை காலை ஏறி உட்கார்ந்தாள். முதல் ஸ்பீடு பிரேக்கர். பின்னாலிருந்து சத்தம் இல்லை. இரண்டாவது. அப்போதும் இல்லை. பள்ளிக்கூட வாசலில் இறங்கி, புடவையைச் சரிசெய்துகொண்டே, "ரோடு போட்டுட்டாங்களா என்ன?" என்றாள். நான் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். கொஞ்ச தூரம் போய் நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் முழுக்க வலி வரவில்லை. நேற்று டாக்டரும், "ஸ்கேன் தேவையில்லைம்மா" என்று சொல்லிவிட்டார். அதோடு விட்டிருக்கலாம். என்னைப் பார்த்து, "மறுபடி பைக்ல போயும் வலி இல்லைங்கிறாங்களே, வண்டியை என்ன பண்ணீங்க?" என்று கேட்டுவிட்டார். டாக்டரிடம் பொய் சொல்லலாமா? மே மாத மழையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ஜெயசீலி ராஜினாமா கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ரெண்டு மூட்டைக்கு வெச்ச ஸ்பிரிங்ல எட்டு மாசம் என்னை உக்கார வெச்சிருக்கீங்க. நான் ஒரு மூட்டை கனம்கூட இல்லீங்களே! தினம் தினம் சொன்னேனே... டாக்டர்கிட்ட ஒரே தடவைதான் சொன்னேன், அவரு காதுல விழுந்துச்சு. உங்க காதுல ஏங்க விழல?"

நியாயமான கேள்வி.

சாப்பாடு ஆறும்வரை திட்டினாள். நிமிர்ந்து, நின்றபடியே, ஒரு மணி நேரம். அவ்வளவு நேரம் அவளால் நிற்க முடிந்ததே... அது போதும் எனக்கு!