திகனயில் நின்ற எஸ்கோர்ட்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை நான் கண்டிக்குப் போனதற்குக் காரணம் என் நண்பன் சிவாவின் தலைக்கு ஏறிய கார்ப் பைத்தியம். சிவா மஹய்யாவயில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறான். அந்த வேனை விற்றுவிட்டு, ரேலிப் பந்தயம் ஓடிய பழைய எஸ்கோர்ட் கார் ஒன்றை வாங்கப்போவதாகவும், கூட வந்து பார்த்துச் சொல்ல வேண்டும் என்றும் தொலைபேசியில் சொன்னான். எனக்குக் கார் பற்றிப் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆனால் விபத்து நட்டஈடு கேட்டு வருகிறவர்களின் கதைகளைச் சோதிப்பதுதான் என் வேலை. யார் எதைச் சொன்னாலும் முதலில் நம்பாமல் இருக்க நன்றாகத் தெரியும்.

அன்றிரவே அவன் மனைவி கலா தனியாகப் போன் எடுத்தாள். "அண்ணே, எப்படியாவது தடுத்துருங்க. வேன் போயிருச்சுன்னா அப்புறம் நாங்க எதை வச்சுப் பொழைக்கிறது?" வேனுக்கு ஆள் தயாராக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை முற்பணம் தர வருவதாக ஏற்பாடு. ஆக, எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு சனிக்கிழமை.

கொழும்பிலிருந்து அதிகாலை ஐந்து மணி ஏசி பஸ்ஸில் ஏறினால் எட்டரைக்குள் கண்டியில் இறங்கலாம். மாவனல்லை தாண்டியதும் தேநீருக்கு நிறுத்துவார்கள். அங்கே வடை சாப்பிடாதீர்கள், நேற்றையது. வழியெல்லாம் போனில் பழைய கார் விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். வாகன இறக்குமதி நின்றிருந்த காலத்தில் ஏறிய விலை, தடை நீங்கிய பிறகும் இறங்கவில்லை. "ரேலி" என்ற ஒரு சொல் சேர்ந்தால் அதே கார் இரண்டு மடங்கு. அந்தச் சொல்லுக்கு யாரும் ஆதாரம் கேட்பதாகத் தெரியவில்லை.

பார்க்க இரண்டு எஸ்கோர்ட்டுகள் இருந்தன, ஒன்று நாவலப்பிட்டியில், மற்றது திகனயில். சிவாவின் வேனில் முதலில் நாவலப்பிட்டிக்குப் போனோம், கம்பளை வழியாக ஏறக்குறைய நாற்பது கிலோமீற்றர். சின்ன வயதில் அங்கே தன் மாமா வீட்டு வளைவில் ஒரு எஸ்கோர்ட் சேறு அடித்துக்கொண்டு திரும்பியதைப் பார்த்தானாம். "பின்பக்கம் அப்படியே வழுக்கிட்டு வந்துச்சு அண்ணே. நாங்க எல்லாம் மண்ணாயிட்டோம். கழுவவே மனசு வரல." சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆசையில் இருக்கிறவனை ஏமாற்றுவது சுலபம்.

நாவலப்பிட்டிக் கார் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. கதவில் பந்தய இலக்கம், பழையதாகத் தெரியச் சுரண்டிய வர்ணம். சுரண்டலுக்கு அடியில் புது வர்ணத்தின் வாசம் இன்னும் போகவில்லை. தரகர் மூன்று பந்தயங்களின் கதை சொன்னார், மூன்றிலும் முதலிடம். சிவாவே சிரித்துவிட்டான்.

பகல் சாப்பாட்டை முடித்துக்கொண்டு திகனக்குத் திரும்பினோம். தென்னக்கும்புர பாலம் தாண்டி, குண்டசாலை வழியாகப் போக வேண்டும். கண்டி நகருக்குள் மாட்டினால் ஒரு மணித்தியாலம் போய்விடும், ஏரிப் பக்கம் இரண்டு மணிக்கு முன் கடந்துவிடுங்கள். ஹார்ட்வேர் கடை வைத்திருக்கும் ரிஸ்வான் நானாவின் வீட்டுக் கொட்டிலில் அந்தக் கார் நின்றது. மங்கிய மஞ்சள், இரண்டு கதவு, நடுவில் 'ஸ்ரீ' எழுத்துப் போட்ட பழைய இலக்கத் தகடு. கூரையில் நான்கு ஓட்டைகள். முன்னால் கூடுதல் விளக்கு பூட்டிய தாங்கிகள். இடப்பக்க இருக்கைக்கு முன்னே தரையில் ஒரு இரும்புச் சட்டம்.

சிவா என் கையைப் பிடித்தான். "அண்ணே, பக்கத்துல உக்காந்து வழி சொல்றவர் கால் ஊண்டுற எடம் இது. ரேலி கார்தான்."

"ரேலி ஓடல்ல தம்பி," என்றார் ரிஸ்வான் நானா. "எங்கட வாப்பா எடுத்த கார். ஒரு நாளும் ரேலி ஓடல்ல."

எனக்கு உடனே மூக்கு வியர்த்தது. விற்க வந்தவன் தன் பொருளைக் குறைத்துச் சொல்வதை என் வேலையில் ஒருநாளும் பார்த்ததில்லை. தூண்டில் எங்கே இருக்கிறது என்று தேடினேன். அந்நேரம் காரைக் கேட்டு அவருக்கு ஒரு அழைப்பு வந்தது. "ஓடல்ல எண்டு செல்லி ஈக்கேனே," என்று அதட்டிவிட்டு வைத்தார். இதுவும் ஏற்பாடு செய்த அழைப்பு என்று நினைத்தேன்.

"நான் பதினாலுதான் கேட்டேன்," என்றார் அவர். "ஓடல்ல, ஓடல்ல எண்டு செல்லச் செல்ல வாங்க வாறவங்களே கூட்டிட்டாங்க. இப்ப இருபத்தெட்டு இலட்சத்தில ஈக்கி. மறைக்கிறனாம்."

"உண்மையாச் சொல்லுங்கோ நானா, அப்ப உந்த ஓட்டை?" என்றேன்.

அவர் உள்ளே போய், புழுதி படிந்த ஒரு குழாய் ஸ்பீக்கரைத் தூக்கி வந்தார். அதன் நான்கு கால்களையும் கூரை ஓட்டைகளில் வைத்தார். இம்மியும் பிசகாமல் உட்கார்ந்தது. புடவைக்கடை மலிவு விற்பனை, உதைபந்துப் போட்டி, யாராவது இறந்தால் மையித்து அறிவித்தல் எல்லாவற்றுக்கும் அவர் வாப்பாதான் ஊர் ஊராகப் போயிருக்கிறார். தரையில் இருந்த சட்டம் ஆம்ப்ளிஃபையர் வைக்க. விளக்குகள் ஹுன்னஸ்கிரிய மலைப்பாதைப் பனிமூட்டத்துக்கு.

எனக்கு வெட்கமாகவும், கலாவை நினைத்து நிம்மதியாகவும் இருந்தது. ஆனால் சிவா விடவில்லை.

"உங்க வாப்பா வாங்குறதுக்கு முன்னாடி ஓடியிருக்கலாம்ல?"

"புதுசாத்தான் எடுத்த."

"சரி நானா. ஓடுச்சுன்னு சொல்ல வேணாம். தெரியாதுன்னு மட்டும் சொல்லுங்க. அது போதும், நான் இப்பவே எடுத்துக்கிறேன்."

ரிஸ்வான் நானா ஸ்பீக்கரைக் கீழே வைத்தார். அவருக்கும் அவனைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும்.

"தெரியுமே தம்பி," என்றார்.

சிவா வேனைத் திருப்பினான். மஹய்யாவ வீட்டில் என்னை இறக்கியதும் வேனுக்கு முற்பணம் தர இருந்தவரை அழைத்து, வர வேண்டாம் என்றான். கலா எனக்கு இரண்டு தரம் தேநீர் ஊற்றினாள்.

போகப்போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். நாவலப்பிட்டி, திகன இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம், சொந்த வாகனம் இருந்தால். பஸ்ஸில் என்றால் ஒன்றை விடுங்கள். காரைப் பகல் வெளிச்சத்தில், காய்ந்த நாளில் பாருங்கள். கூரையின் உள்பக்கத் துணியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கதை நன்றாக இருந்தால் விலையைப் பாதியாக்குங்கள். விற்கிறவர் "இல்லை" என்றால் அதை "இல்லை" என்றே கேளுங்கள். இதுதான் எல்லாவற்றிலும் கடினம்.

இதை எழுதிக்கொண்டிருந்தபோது சிவா ஒரு விளம்பரம் அனுப்பினான். அதே மஞ்சள் எஸ்கோர்ட். யாரோ வாங்கி மறுபடி விற்பனைக்குப் போட்டிருக்கிறார், ஐம்பத்தைந்து இலட்சம். "அரிய ரேலி வரலாறு. முன்னாள் உரிமையாளர் இன்றுவரை மறுக்கிறார்." பின்னாலேயே ஒரு குரல் பதிவு வந்தது. வேனுக்குள் பிள்ளைகள் போடும் கூச்சலுக்கு நடுவே சிவா கேட்டான்: "அண்ணே, நானா பொய் சொல்லியிருப்பாரோ?"

"இல்லை. எனக்குத் தெரியும்," என்று எழுதி அனுப்பினேன். அனுப்பும் முன் விளம்பரத்தில் இருந்த அந்தக் கூரை ஓட்டைகளின் படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்ததை அவனிடம் சொல்லவில்லை.