தீர்ப்புக்கும் தண்டனைக்கும் நடுவில் பிளேன் ஏறியவர்

நீதிமன்ற உரைபெயர்ப்பாளராக முப்பத்தொரு வருடம் வேலை செய்தேன். கடைசி வருடங்களில் வந்த ஒரு வழக்கை இளைய உரைபெயர்ப்பாளர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

கொட்டாஞ்சேனை அன்டன் ஒரு ஐரோப்பிய நாட்டில் மோசடி வழக்கில் குற்றவாளியாகக் காணப்பட்டவர். தண்டனை அறிவிக்கும் தவணைக்கு முன்பே கொழும்புக்கு வந்துவிட்டார். அந்த நாடு அவரை ஒப்படைக்கும்படி கேட்டதால் இங்கே விளக்கமறியல் சிறையில் இருந்தார்.

விசாரணையன்று காலை, மேல் நீதிமன்ற விறாந்தையில் அவருடைய மனைவி ரீட்டா என்னை மறித்தார்.

"ஐயா, தண்டனையே இன்னும் சொல்லேல்ல. எத்தனை வருஷம் எண்டு தெரியாத ஆளை எப்பிடி அனுப்புறது?"

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அது பிழை. தண்டனைக்குக் காத்திருப்பவரையும் இரு நாடுகளின் ஒப்படைப்பு ஒப்பந்தம் பிடிக்கும். வழக்கு வேறொரு கேள்வியில் நின்றது. அன்டன் நேரில் நிற்கத் தீர்ப்புச் சொல்லியிருந்தால், அந்தத் தீர்ப்பின் பிரதியே போதும். அவர் இல்லாத நேரம் சொல்லியிருந்தால், அவர் சட்டத்தின் முன் வெறும் சந்தேகநபர். அப்போது அவர்கள் சாட்சியங்களை எங்கள் நீதிபதி முன் வைக்கவேண்டும். அனுப்பியிருந்ததோ ஒரேயொரு பொலிஸ்காரர் சத்தியம் செய்து எழுதிய சத்தியக்கடதாசி; அது சாட்சியமாகப் போதாது. தீர்ப்பின் பிரதியில் அன்டன் நேரில் நின்றாரா என்று ஒரு வரியும் இல்லை. அன்டனின் சட்டத்தரணியின் நம்பிக்கை முழுவதும் அதில்தான்.

ரீட்டா அன்று ஒரு சாட்சி. கூண்டில் ஏறப்போகும் சாட்சியோடு உரைபெயர்ப்பாளர் வழக்கைக் கதைக்கக்கூடாது.

"லோயர் மிஸ்ஸிட்ட கேளுங்க, பிள்ளை" என்றேன்.

"மிஸ் ஃபைலுக்குள்ள தலையை விட்டா வெளிய எடுக்கிறாவே இல்லையே!"

அன்டன் எப்போது வீட்டுக்கு வந்தார், பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்கத்தான் ரீட்டாவை ஏற்றினார்கள். அது நல்லபடி முடிந்தது. பிறகு அரச சட்டத்தரணி எழும்பி ஆங்கிலத்தில் கேட்டார். நான் தமிழில் சொன்னேன்: "உங்கள் கணவர் பயந்து ஓடி வந்தவர், அப்படித்தானே?"

ரீட்டாவுக்கு முகம் சிவந்தது.

"ஓடி வந்தவரோ? அவர் என்ன கள்ளனா, ஓடுறதுக்கு? ஒவ்வொரு தவணைக்கும் போனவர். குற்றவாளி எண்டு சொல்லேக்கையும் கோட்டும் டையும் போட்டு, நேரா நிண்டு கேட்டவர். அதுக்குப் பிறகுதான் பிளேன் ஏறினவர்!"

தமிழ் தெரிந்த அன்டனின் சட்டத்தரணியின் பேனை நின்றது. தமிழ் தெரியாத நீதிபதி என்னைப் பார்த்தார். கோட்டையும் டையையும்கூட விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன்.

அன்டனை ஒப்படைக்கும்படி கட்டளை வந்தது.

வெளியே ரீட்டா கேட்டார்: "அந்த ஒரு வசனத்தை முழுங்கியிருக்கலாமே, ஐயா?"

"இண்டைக்கு நான் முழுங்கினா, நாளைக்கு உங்களுக்குச் சாதகமான வசனத்தை இன்னொருத்தன் முழுங்குவான், பிள்ளை."

ரீட்டா கட்டளையின் பிரதியை என் பக்கம் நீட்டினார். "சரி. அவர் ஓடினவர் எண்டு ஜட்ஜ் எழுதியிருக்கிறாரா?"

முதல் பக்கத்திலேயே 'தப்பியோடியவர்' என்றுதான் இருந்தது. இப்படியான வழக்கில் எல்லோருக்கும் சட்டம் போடும் சொல் அது, டிக்கெட் எடுத்து வந்தவருக்கும் அதுதான் என்றேன். 'தப்பியோடியவர்' என்ற சொல்லை மட்டுமே அவர் கேட்டார் போலிருக்கிறது.

அதற்குப் பிறகு எந்தச் சாட்சி ஏறினாலும், முதலில் சட்டத்தரணியைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்பேன்: வழக்கு எதில் நிற்கிறது என்று இவருக்குத் தமிழில் விளங்கப்படுத்தினீர்களா? சிலர் கோபித்துக்கொண்டார்கள். நீங்களும் கேளுங்கள்.