நாலு பேருக்கான படகு

"நாம நாலு பேரும் சேர்ந்துதான் ஹிகாண்டெஸ் போறோம். இதுல ஒரு தலை குறைஞ்சாலும் என் கால் படகுல படாது. எழுதி வச்சுக்கங்க."

இப்படி முழங்கியவர் திரு. ஃபிலேமோன் தக்சாகோன். முழங்கிய இடம் இலோய்லோ நகரத்தில் ஹாரோ வட்டாரம், நண்பன் டகுலின் வீட்டு வாசல். ஏறி நின்றது பிளாஸ்டிக் நாற்காலி. டகுல் முதன்முதலாகக் கப்பல் வேலைக்குப் போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அது. ஒரே கிளாஸ் ரம் நாலு பேரையும் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. மற்ற மூவரும் எழுதி வைக்கவில்லை. ஆகவே அவரே எழுதினார். மறுநாள் அதை லேமினேட்டும் செய்தார்.

லேமினேஷன் அவருடைய தொழில். நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் எந்திரம், ஒரு லேமினேஷன் எந்திரம், ஒரு மின்விசிறி, இவற்றோடு குடியிருந்தார். ஊரில் அவர் எமோய். ஃபிலேமோன் என்று யாராவது கூப்பிட்டால் சம்மன் வந்திருக்கிறது என்று அர்த்தம்.

நால்வரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அகலத்தில் இரண்டு ஆளாக இருந்த டகுல் கப்பலுக்குப் போனான். ஜோவி நர்ஸ் படித்து அயர்லாந்துக்குப் போனாள். மரிசோல் ஆசிரியையாகி எங்கும் போகவில்லை. எமோயும் எங்கும் போகவில்லை. ஆனால் போவதற்கான திட்டம் அவரிடம் இருந்தது. அந்த வகையில் நால்வரில் அதிகம் பயணப்பட்டவர் அவர்தான்.

ஹிகாண்டெஸ் ஒன்றும் சந்திரமண்டலம் இல்லை. வடக்கே மூன்று மணி நேரம் வேனில் போனால் பான்கால் துறை. அங்கிருந்து படகு. மணிலாக்காரர்கள் விமானம் ஏறி வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். படகு வாடகை ஒருவர் ஏறினாலும் நாலு பேர் ஏறினாலும் ஒன்றுதான் என்பதால், நாலால் வகுத்தால் மட்டுமே அது நம்மைப் போன்றவர்களின் தீவு. எமோயின் திட்டம் இந்த வகுத்தலின் மேல் கட்டப்பட்ட கோபுரம். அரிசி வீட்டிலிருந்து, சிப்பி அங்கே கூடைக் கணக்கில், கூடாரம் மரிசோலின் பள்ளி சாரணர் படையிடமிருந்து இரவல். சோப்பு ஒன்று, நாலு துண்டாக வெட்டியது. ஆறரைக்குப் படகு, ஏழே காலுக்கு முதல் தீவில் குளியல், எட்டுக்கு மணல்திட்டு, ஒன்பதுக்குப் பாறைகளுக்கு நடுவே உள்ள உப்புநீர் ஏரி. ஆண்டுதோறும் ஜனவரியில் தேதியை மாற்றிப் புதிதாக நாலு அட்டை போடுவார். கசங்காது, நனையாது. திருத்தவும் முடியாது.

இந்த இடத்தில் எங்கள் ஊர் மரியாதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நண்பன் கூப்பிட்டால் வரமாட்டேன் என்று இங்கே யாரும் சொல்வதில்லை. அப்படிச் சொல்வது முகத்தில் அடிப்பது. 'பார்க்கிறேன்' என்போம். அதை வராமல் இருப்பதன் முதல் தவணையாகக் கூப்பிட்டவரும் எடுத்துக்கொள்வார். அரிசி மிச்சம், மனஸ்தாபம் கிடையாது. எமோய்க்கும் இது தெரியும். சொந்தத் தம்பி 'பார்க்கிறேன்' என்றால் ஒரு தட்டைக் குறைத்துத்தான் வைப்பார். இந்த மூன்று பேர் சொன்னால் மட்டும் அதை அப்படியே நம்பினார். மனிதருக்கு மதம் என்று ஏதாவது ஒன்று வேண்டும் அல்லவா?

முதல் வருஷம் ஜோவிக்குப் பரீட்சை. அடுத்த வருஷம் டகுல் ஏதோ ஒரு சமுத்திரத்தில். அதற்கடுத்து யோலாண்டா புயல் வந்து வடக்கே இருந்த படகுகளையெல்லாம் விறகாக்கிவிட்டுப் போனது. அந்த வருஷம்தான் மூவரும் மனம் வருந்தி, நிச்சயம் வந்திருப்போமே என்று உறுதியாகச் சொன்னார்கள். பிறகு ஞானஸ்நானம், தேர்தல், சிசேரியன், டகுலின் ஒப்பந்தம், டகுலின் இன்னொரு ஒப்பந்தம். மரிசோல் ஒரு தடவை, கிளம்புகிற அன்று காலையில், தன் பன்றி குட்டி போடப்போவதாகச் செய்தி அனுப்பினாள். எமோய் வாழ்த்துச் சொன்னார். எத்தனை குட்டி என்றும் விசாரித்தார். மரிசோலிடம் பன்றி கிடையாது என்பது அவருக்கு நினைவு வரவேயில்லை.

இந்த மார்ச்சில் அதிசயம் நடந்தது. டகுல் இரண்டு ஒப்பந்தங்களுக்கு நடுவே கரையில் இருந்தான். ஜோவி விடுப்பில் வந்து இறங்கினாள். மரிசோல் எப்போதும்போல் இங்கேதான். மூவரும் 'சரி' என்று எழுதினார்கள். எமோய் கடைக்கதவில் 'மூன்று நாள் விடுமுறை' என்று அட்டை தொங்கவிட்டார். அதுவும் லேமினேட் செய்ததுதான். நாலு டப்பா நிறைய கோழி அடோபோ சமைத்துக்கொண்டு, விடிவதற்கு முன்பே வேன் நிலையத்தில் போய் நின்றார்.

டகுலின் செய்தி முதலில் வந்தது. கம்பெனி மருத்துவப் பரிசோதனைக்கு மணிலாவுக்கு அழைத்திருக்கிறது; கூப்பிட்டு இரண்டு நாள் ஆகிறது; எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ஜோவி போனிலேயே பேசினாள். அவளைச் சுற்றிப் பதினைந்து சொந்தக்காரர்கள் பேசுவதும் கேட்டது. நீங்கள் முன்னால் போங்கள், நான் பின்னாலேயே வந்துவிடுகிறேன் என்றாள். பின்னாலேயே என்று எங்கள் ஊரில் சொன்னால் அது எந்த வருஷத்தின் பின்னால் என்பது சொல்பவருக்கும் தெரியாது.

மரிசோல் மட்டும் வந்து சேர்ந்தாள், கூடாரம் இல்லாமல். வேனில் மூன்று மணி நேரமும் தூங்கினாள், அல்லது கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். எமோய் தூங்கவில்லை. ஜோவி எந்த வேனைப் பிடித்தால் எத்தனை மணிக்கு வந்து சேரலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

பான்கால் துறையில், இரண்டு பக்கமும் மூங்கில் மிதவை கட்டின படகுகளுக்கு முன்னால் இறங்கியதும், ஒரு படகுக்காரர் கையை ஆட்டிக்கொண்டு நேரே மரிசோலிடம் வந்தார்.

"டீச்சர், இந்தத் தடவை உங்க ஹெட்மாஸ்டர் வரலையா? போன வருஷம் பல்செட்டைக் கடல்ல விட்டாரே, மனுஷன் இப்ப என்னத்த வச்சு சாப்பிடறாரு?"

மரிசோல் படகைப் பார்த்தாள், கடலைப் பார்த்தாள். பார்ப்பதற்கு வேறு எதுவும் மிச்சமில்லாததால் கடைசியில் எமோயைப் பார்த்தாள்.

"ஸ்கூல்ல எல்லாரும் கிளம்பினாங்கடா. வரலைன்னு எப்படிச் சொல்றது?"

"ஆமா, உனக்குச் சொல்ல வராது."

"டகுலும் போயிருக்கான். கல்யாணம் முடிஞ்ச கையோட. ஜோவி ரெண்டு தடவ, ஆஸ்பத்திரி ஆளுங்களோட."

"போட்டோ எதையும் நான் பார்க்கலையே?"

"உனக்கு மட்டும் தெரியாத மாதிரி வச்சுத்தான் போட்டோம்."

இலோய்லோ மாகாணத்தில் ஹிகாண்டெஸ் தீவைப் பார்க்காத ஆள் தான் ஒருவர்தானா என்று எமோய் கேட்கவில்லை. கேட்டது வேறு.

"அந்தப் பாறை நடுவுல இருக்கிற ஏரி, தண்ணி நீலமா?"

"பச்சை."

"நான் அட்டையில நீலம்னு போட்டிருந்தேன்."

படகுக்காரர் ஏதோ புரிந்துகொண்டவர்போல், தேவையில்லாத ஒரு கயிற்றை அவிழ்த்துக் கட்டப் போனார்.

"ஏன்டி, என்னோட மட்டும் ஏன் வர முடியல?"

மரிசோல் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருகிறவள். அன்றைக்கு வாழ்க்கையிலேயே முதல் தடவையாக நேராகப் பதில் சொன்னாள். "உன்னோட வந்தா அட்டையில இருக்கிற மாதிரி சந்தோஷப்படணும்டா. ஏழே காலுக்குச் சந்தோஷம், எட்டு மணிக்கு அடுத்த தீவு. ஒரு வருஷம் வரலைன்னு ஆச்சு. அதைச் சரிக்கட்ட அடுத்த வருஷம் இன்னும் ஜாஸ்தியா சந்தோஷப்படணும். இப்ப எங்க போய் அவ்வளவு கொண்டு வர்றது?"

எமோய் தலையாட்டினார். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் பக்க எண்ணைத் திருத்திச் சொன்னால் ஆட்டுகிற தலையாட்டல்.

ரெண்டு பேராகவாவது போகலாமா என்று மரிசோல் கேட்டாள். வயிறு நிறைந்தவர் இன்னொரு கரண்டி போடட்டுமா என்று கேட்கப்படும்போது காட்டும் முகம் அவளுக்கு. நாலு பேர் என்றுதான் பேச்சு என்றார் எமோய். அவள் தோள் இரண்டும் ஒரு அங்குலம் கீழே இறங்கியதை அவர் பார்த்தார். அடோபோவில் இரண்டு டப்பாவை எடுத்து அவள் பையில் வைத்தார், பிள்ளைகளுக்கு. திரும்பிப் போகிற வேன் புறப்படத் தயாராக இருந்தது. ஏறும்போது அவள், "அடுத்த வருஷம்?" என்றாள்.

"பார்க்கிறேன்" என்றார் எமோய்.

மரிசோல் எங்கள் ஊரில் பிறந்து வளர்ந்தவள். அவள் கண் கலங்கியது. வேன் போய்விட்டது.

எமோய் தானும் அடுத்த வேனுக்காகத்தான் நின்றார் என்று எண்ண இடமிருக்கிறது. அது வந்தது, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. அவர் பயணிகள் பெயர் பதிகிற மேஜைக்குப் போனார். மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் தலை நிமிராமல் கேட்டாள்.

"எத்தனை பேர், நோங்?"

நோங் என்றால் அண்ணன். கேட்டவள் அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. நல்லதுதான்.

"ஒருத்தர்."

"தனிப் படகு வேண்டாம், செலவு ஜாஸ்தி. பகோலோட்ல இருந்து ஒரு குடும்பம் வந்திருக்கு, பதினோரு பேர். அதுல ஒரு இடம் இருக்கு. பரவாயில்லையா?"

பரவாயில்லை என்றார். முழுப்பெயரை எழுதினார். அவசரத்துக்கு யாருக்குச் சொல்ல வேண்டும் என்ற கட்டத்துக்கு நேரே வெகுநேரம் பேனாவை வைத்திருந்துவிட்டு, தன் கடையின் எண்ணைப் போட்டார். ஆரஞ்சு மிதவைச் சட்டை ஒன்றைக் கொடுத்தார்கள். இரண்டு கொக்கி வேலை செய்யவில்லை. படகில் பகோலோட்காரர்கள் ஏற்கெனவே பாட்டுப் பெட்டியைப் போட்டு, சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்திருந்தார்கள். ஒரு அம்மாள் ஐஸ்பெட்டியை நகர்த்தி அவருக்கு இடம் பண்ணினாள்.

எமோய் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். பலகை ஈரமாக இருந்தது. மூங்கிலைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.