பொனாரியாவின் ஆமைக்குஞ்சுகள்

பக்கீசியோ அண்ணன் தக்கைமரப் பட்டை உரித்தே முதுகு வளைந்தவர். அந்த வீட்டில் பேச்செல்லாம் அவர் மனைவி பொனாரியாவுடையதுதான். ஆகஸ்டில் அவள் போய்ச் சேர்ந்தாள். கடைசி நாட்களில் எதைக் கொடுத்தாலும் வாயை இறுக்கிக்கொண்டாள். இவர் கரண்டியைப் பிடித்தபடியே பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

அத்திமரத்தடியில் அவள் கூரை ஓட்டைக் கவிழ்த்து மூடிக் காத்த ஆமை முட்டைகள் செப்டம்பரில் பொரிந்தன. நான்கு குஞ்சுகள், அக்ரூட் கொட்டை அளவு.

பெரிய ஆமைகள் குளிருக்கு முன் தாமே மண்ணுக்குள் போய் வசந்தம் வரை தூங்கிவிடும். குஞ்சுகளுக்கு முதல் சில குளிர்காலங்களில் நாம்தான் செய்ய வேண்டும். இரையை நிறுத்தி, தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் விட்டு, வயிறு காலியானதும் மண்ணும் சருகும் போட்ட பெட்டியில் நிலவறையில் வைக்க வேண்டும். வயிற்றில் இரை இருந்தால் தூக்கத்திலேயே அழுகிவிடும், குஞ்சு எழாது. பக்கத்து வீட்டுக்காரியான எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவளே பொனாரியாதான்.

"பட்டினி போடச் சொல்றியா, கவினா?"

"ஆமா."

"வாயைத் தொறந்து தொறந்து பாக்குதுங்க."

"பாக்கட்டும். நீங்க அந்தப் பக்கம் பாருங்க."

பல்லைக் கடித்துப் பொறுத்தார். நவம்பரில் இறந்தோர் இரவு வந்தது, செத்தவர்கள் தம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போகும் இரவு. அவள் நாற்காலிக்கு முன்னால் நான் கொண்டுபோன மக்ரோனி, ஒயின், ஒரு கரண்டி வைத்தார். கத்தி வைக்கவில்லை, இறந்தவர்களுக்கு யாரும் வைப்பதில்லை. பக்கத்துத் தட்டில் பச்சைச் சிக்கரிக் கீரை. அது இல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது.

காலையில் போனேன். மக்ரோனி அப்படியே இருந்தது. கீரைத்தட்டு காலி. அண்ணன் முகத்தில் அத்தனை நாளுக்குப் பிறகு வெளிச்சம்.

"வந்துட்டுப் போயிருக்கா."

நானும் சிலுவை போட்டுக்கொண்டேன். பிறகு அடுப்போரம் இருந்த குஞ்சுகளின் பெட்டியைப் பார்த்தேன். நான்கு வாயிலும் பச்சைக் கறை.

"யாரு கொடுத்தது?"

"அவதான். நான் தூங்கிட்டேன்."

"கையைக் காட்டுங்க."

அவரே விரித்துப் பார்த்துக்கொண்டார். காலமெல்லாம் பட்டைக் கறை ஏறிய கையில் பச்சை எங்கே தெரியும்? அவர் பொய் சொல்லும் ஆளும் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

"திரும்ப முதல்லேர்ந்து பட்டினி போடணும், அண்ணே. இப்படியே வெச்சா நாலும் செத்துடும்."

"செத்தவ வந்து ஊட்டினதை நான் கழுவி எடுக்கவா?"

ஊரில் வேறு யாராக இருந்தாலும் வாயை மூடியிருப்பார்கள். நான் விடவில்லை.

"பொனாரியாவை எனக்குத் தெரியாதா? பட்டினி நாள்ல ஒரு இலை போட்டதுக்கு வாரம் பூரா என்னைத் திட்டினவ. வந்தது அவளா இருந்தா கீரையைத் தானே தின்னிருப்பா. குஞ்சுக்கு ஒரு நுனி கொடுத்திருக்க மாட்டா."

அவருக்குப் புரிந்துவிட்டது. குஞ்சுகள் பிழைக்க வேண்டுமானால், அவள் வரவில்லை என்று அவரே ஒப்புக்கொள்ள வேண்டும். நெடுநேரம் அந்த நாற்காலியையே பார்த்தார். பிறகு எழுந்து, அடுப்பைத் தூண்டித் தண்ணீர் வைத்தார்.

மார்ச்சில் மூன்று எழுந்தன. ஒன்றை அத்திமரத்தடியில் புதைத்தார்.

அடுத்த ஆண்டு அதே நாள், பொழுது சாயும்போது, மூன்று குஞ்சுகளும் பட்டினியில் இருந்த பெட்டியோடு என் வாசலில் நின்றார்.

"இன்னைக்கு ஒரு ராத்திரி இது உன் வீட்டுல இருக்கட்டும். யாரு வந்து கேட்டாலும் தராத."

"யாரு வரப்போறா? நீங்களா?"

"நான் வந்தாலும் தராத."

இறந்தோர் இரவில் எங்கள் ஊரில் எவரும் கதவைத் தாழிடுவதில்லை. செத்துப்போன என் வீட்டுக்காரருக்கும் தட்டு வைத்திருந்தேன். இருந்தாலும் அன்றைக்குத் தாழ்ப்பாளைப் போட்டேன்.